மிதித்தவள் கிள்ளினாள்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே தனியார் பஸ் ஓட்டியவன் நான். நாலு வழிச் சாலைக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த வருடங்களில் என் இடுப்பு ஒருவழியாகிவிட்டது. பிடித்துக்கொண்டால் டாக்டரிடம் போகமாட்டேன். வைத்தியம் வீட்டிலேயே இருந்தது. என் மனைவி பிறந்தபோது தலைக்கு முன்னால் கால் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டில் குப்புறப் படுத்து எழுந்தவர்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் கெத்தும் உண்டு.

ஒரு நாள் காலை வழக்கம்போல் பாயில் படுத்தேன். மூன்றாவது மிதியில் இடுப்பிலிருந்து வலது குதிகால் வரை சுரீர் என்று இழுத்தது. எழுந்து நின்றால் வலது பாதம் இருப்பதே தெரியவில்லை. பிரேக் மிதிக்கிற கால்!

“ஐயோ, நானே கெடுத்துட்டனே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்தோம். கீழ் முதுகில் ஒரு எலும்பு முன்னால் நழுவி நரம்பை அழுத்துகிறது, அதை அடுத்த எலும்போடு ஸ்குரூ போட்டு ஒன்றாக இணைக்க வேண்டும் என்றார் டாக்டர். பாதத்தில் உணர்ச்சி திரும்புமா என்று கேட்டேன். ஆபரேஷன் முடிந்தால்தான் தெரியும் என்றார்.

“இவ மிதிச்சதாலயா சார்?”

“எலும்பு நழுவிப் பல வருஷம் இருக்கும். ஆனா மிதிச்சதும் தப்புதான்.”

அவள் காதில் இரண்டாவது பாதி மட்டும் விழுந்தது. அதன்பின் வீட்டில் என் பாய்ப் பக்கமே அவள் நடக்கவில்லை.

முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்று சொந்தக்காரர்கள் பேஜார் பண்ணினார்கள். எனக்குப் பயம் வரவில்லை. ஆடுகிற சீட்டுக்கு போல்ட் முடுக்காமல் நான் வண்டி எடுத்ததே கிடையாது. முதுகுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

ஆபரேஷனுக்கு மறுநாள் அவள் என் கால்மாட்டில் நின்றாள். போர்வையை விலக்கி, வலது உள்ளங்காலில் நகத்தால் மெல்ல ஒரு கோடு இழுத்தாள்.

“தெரியுதாங்க?”

தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் என் குசும்பு போகுமா? மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தபடி பேசாமல் கிடந்தேன். திரும்பிப் பார்த்தால், அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கே என்மேல் வெறுப்பாகிவிட்டது.

“ஏய், தெரியுதுடி. கிச்சுகிச்சு மூட்டாத.”

மெதுவாக எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அதே உள்ளங்காலைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஒரு கிள்ளு கிள்ளினாள். நான் போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடி வந்தார்.

“கத்துங்க,” என்றாள் என் மனைவி, காலை விடாமல். “இன்னும் நல்லா கத்துங்க.”