தேர் வீதியில் ஒரு கும்பிடு

சுதந்திரம் வந்த மறு வருடம் செஞ்சியில் ஒரு படத்திறப்பு விழா. படத்தில் இருந்தவர் தேர் வீதியில் முதன்முதலாகச் செருப்புப் போட்டு நடந்த சேரிக்காரர். அன்றைக்கே அவர் காலை அடித்து முறித்தார்கள். அந்தக் காயம் ஆறாமலே செத்துப்போனார். அதே வீதிக்காரர்கள்தான் இப்போது படத்துக்கு மாலை போட்டார்கள்.

நன்றி சொல்ல அவர் மனைவி வந்திருந்தார். ஒடிசலான உடம்பு, பாதி நரைத்த தலை. யாரிடம் பேசினாலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். மேடையில் மட்டும் அதை விட்டுவிட்டு இரு கையையும் கூப்பினார்.

"எங்கூட்டுக்காரர மறக்காம இருந்தீங்க. ஊருக்குக் கோடி கும்புடு."

கூட்டம் கைதட்டியது.

வழியனுப்பத் தேர் வீதி வழியாக நான் கூடப் போனேன். சித்திரை வெயிலில் மண் கொதித்தது. அவரோ செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார்.

"போட்டுக்குங்கம்மா. இனிமே யாரு இன்னா சொல்லப்போறாங்க?" என்றேன்.

முந்தானை மறுபடி வாய்க்குப் போயிற்று.

"மாரு வரைக்குந்தான படம் எழுதியிருக்காங்க, சாமி. காலும் செருப்புமா எழுதியிருந்தா மாலை போட்டிருப்பாங்களா?"

வீதி முடிந்த இடத்தில்தான் செருப்பை மாட்டிக்கொண்டார். கைதட்டிவிட்டு வந்து வாசல்களில் நின்று அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதன் பிறகுதான் உள்ளே போனார்கள்.