மச்சானுக்கு ஒரு ஓ.பி. சீட்டு

சைதாப்பேட்டைப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் காவலாளி அவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய காக்கிச் சட்டை. யார் வந்தாலும் நடையைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்ப்பார்.

காப்பீட்டு அட்டையை நீட்டினேன். "குடியை நிறுத்தணும். அட்மிட் ஆகாம வந்துபோய் வைத்தியம் பாக்க இது செல்லுமா? என் மச்சானுக்கு."

"படுத்தாதான் சார் கார்டு. வந்து போறதுக்கு ஓ.பி. சீட்டு சும்மாவே குடுப்பாங்க. ஆனா உன் பேர்லயே வாங்கிக்க. மாத்திரைய நீதான முழுங்கணும்?"

அதன்பின் செவ்வாய்தோறும், "மச்சான் எப்டிக்கீறாரு?" என்று கேட்பார். "தேறிட்டு வர்றார்" என்பேன். எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை.

வடபழனியில் ஒரு நண்பனின் கல்யாணத்துக்குப் போய் மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டேன். அடுத்த செவ்வாய் காலை, வாயில் ஏலக்காயோடு போனேன். அவர் என் நடையைப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் மச்சானை விசாரிக்கவில்லை. எப்போதும் ஒரு கதவை மட்டும் திறப்பவர், இரண்டையும் அகலத் திறந்துவிட்டார்.

மரியாதையா, இல்லை என் நடைக்கு ஒன்று போதாது என்று நினைத்தாரா, இன்றுவரை தெரியவில்லை.