சிரிப்பு ஃபைல்

இயர்போன் ஒன்றுதான் இருந்தது. ஒரு முனை என் காதில், மறுமுனை அண்ணன் காதில். செல்போனின் சின்னத் திரையில் யாராவது சேற்றில் வழுக்கி விழுந்தால் அண்ணன் தொடையைத் தட்டிக்கொண்டு பின்னால் சாய்வான், ஒயர் வெடுக்கென்று இழுபட்டு என் காது சுரீரென்று வலிக்கும், வலிக்குதுடா என்று கத்திக்கொண்டே நானும் சிரிப்பேன். எங்கள் தீவில் ஹேடோ என்ற பகுதியில், துறைமுக வேலையிலிருந்த அப்பாவுக்குக் கொடுத்த குவாட்டர்ஸின் பின்வாசல் படியில், மழை விடாத மாதங்களின் சாயங்காலங்கள் எங்களுக்கு இப்படித்தான் கழிந்தன.

பிளஸ் டூ முடித்ததும் அண்ணன் கதிர் சென்னைக்குப் படிக்கப் போய்விட்டான். தீவில் இதெல்லாம் ஒரு சேதியே இல்லை. படிப்பென்றாலும் "மெயின்லேண்ட்", வைத்தியமென்றாலும் "மெயின்லேண்ட்", எந்த வீட்டை எடுத்தாலும் ஒரு ஆள் அங்கே இருப்பார். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து போனவன் என்னோடு சிரிப்பதற்கு இருந்த ஒரே ஆள். அம்மாவுக்கு அந்தக் காமெடியெல்லாம் ஆகாது, "ஒருத்தன் இன்னொருத்தனைப் போட்டு அடிக்கிறான், இதுல என்னடி சிரிப்பு" என்பாள். பக்கத்து குவாட்டர்ஸ் ஜும்பா வங்காளிப் பெண், என் வகுப்புதான், அவளுக்காக ஒவ்வொரு வசனத்தையும் எங்கள் ஊர் இந்தியில் விளக்கி முடித்தால், "அச்சா, ஃபிர்?" என்று அப்புறம் என்னவென்று கேட்பாள். அப்புறம் ஒன்றுமில்லை, இப்போது சிரிக்க வேண்டும் என்று சொல்லி அவளைச் சிரிக்க வைப்பதற்குள் எனக்கே அழுகை வந்துவிடும்.

அப்போது எங்கள் பக்கம் நெட் என்பது பேருக்குத்தான். ஒரு காட்சி இறங்குவதற்குள் அடுப்பில் சோறு வெந்துவிடும், அதற்குப் பிறகும் பாதியில் நிற்கும். அதனால் கப்பலில் வருகிறவர்களிடம் மெமரி கார்டைக் "கொடுத்து விடுவது" எங்களுக்குள் வழக்கமாக இருந்தது. இங்கிருந்து கருவாட்டுப் பொட்டலம் போகும். அங்கிருந்து நகத்தளவு கார்டு, காகிதத்தில் மடித்து, அப்பா பெயர் எழுதி, யாரோ ஒருவர் சட்டைப் பையில் கடல் தாண்டி வரும்.

அண்ணன் அனுப்பும் கார்டில் இரண்டு ஃபோல்டர்கள். "சிரி" என்பதில் காமெடி. "கேளு" என்பதில், விடுதியில் எவனிடமோ தொற்றிக்கொண்ட அவனுடைய புதுப் பைத்தியம்: ஒருவர் தகரத்தை வில்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார், ஒரு பெண் ஒரே சுரத்தை மூச்சு முட்டும்வரை இழுப்பாள், ரேடியோ இரைச்சலுக்கு நடுவில் யாரோ தவிலைத் தடவுவார்கள். "இதுல வார்த்தையே இல்லடி, ஜும்பாவோட சேர்ந்து கேக்கலாம்" என்று போனில் பெருமையாகச் சொன்னான். ஜும்பா கொஞ்ச நேரம் கேட்டாள். "யே க்யா ஹை ரே, மிக்ஸி கராப் ஹோ கயா?" என்று, வீட்டு மிக்ஸி கெட்டுப்போனதைப் போல விசாரித்துவிட்டு எழுந்து போனாள்.

தனியாகச் சிரிக்க வரவில்லையென்று நான் புலம்பியபோதுதான் அண்ணன் "சிரிப்பு ஃபைல்" கண்டுபிடித்தான். இயர்போன் மாட்டிக்கொண்டு அவன் காமெடியைப் பார்ப்பான். பக்கத்தில் நண்பனின் போன் அவன் சிரிப்பை மட்டும் பதிந்துகொள்ளும். ஆரம்பத்தில் "ஒண்ணு, ரெண்டு, மூணு, போடு" என்பான். இங்கே நான் அப்பாவின் போனில் அந்த ஃபைலை ஓடவிட்டு, "போடு" என்றதும் என் போனில் காட்சியை ஆரம்பிப்பேன். அவன் தொடையைத் தட்டும் ஓசை சரியான இடத்தில் விழும். காது வலிக்காததுதான் குறை. என் சிரிப்பையும் பதிந்து அதே கார்டில் திருப்பி அனுப்புவேன்.

ஒருமுறை வந்த கார்டில் ஒரே ஒரு காமெடிதான் இருந்தது, சிரிப்பு ஃபைலைக் காணோம். "கேளு" ஃபோல்டரில் மட்டும் புதிதாக ஒன்று: மின்விசிறி போல ஒரு சுழற்சி, எங்கோ வாளி வைக்கும் ஓசை, நடுவில் ஓர் இருமல், மறுபடி சுழற்சி. அவன் அனுப்பியதிலேயே எனக்குப் பிடித்த முதல் சங்கீதம் அதுதான். போனில் சொன்னேன். "அப்படியா, சரி" என்று மட்டும் சொன்னான்.

பிறகு ஒருநாள் ஸ்பீக்கரில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா கையை அப்படியே நிறுத்தினாள்.

"யாருடி இருமுறது?"

"வாசிக்கிறவர்மா."

"வாசிக்கிறவராவது. நம்ம கதிர்டி அது. மூக்கை உறிஞ்சறான் பாரு."

அந்தக் காமெடியையும் இந்த ஃபைலையும் சேர்த்து ஓடவிட்டேன். ஆரம்பத்தில் "ஒண்ணு, ரெண்டு" இல்லாததைத் தவிர நீளம் சரியாக இருந்தது. ஒருவன் சேற்றில் விழுகிறான்; தொடை தட்ட வேண்டிய இடத்தில் விசிறி சுற்றுகிறது. இன்னொருவன் ஓடுகிறான், விசிறி சுற்றுகிறது. முழுக் காட்சியையும் எனக்காகப் பார்த்திருக்கிறான், ஒரு இடத்தில்கூடச் சிரிக்க வரவில்லை. தவறி அந்த ஃபோல்டரில் போட்டானா, தெரிந்தே போட்டானா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

"சளி பிடிச்சிருக்கும்" என்றார் அப்பா.

"சளி இல்லங்க. புள்ள ஒடிஞ்சு போய் உக்காந்திருக்கான். எனக்கு டிக்கெட் போடுங்க."

கப்பல் என்றாலே வாந்தியெடுக்கிற அம்மா அடுத்த கப்பலில் தனியாகப் போனாள். அவன் கல்லூரிக்குப் போவதையே விட்டிருந்தான், யாரோடும் பேசுவதில்லை, சாப்பாடும் சரியில்லை. அம்மா ஒரு சின்ன அறை பிடித்து, அவனை அங்கே அழைத்துக்கொண்டு, ஆக்கிப் போட்டு, வருஷம் முடியும்வரை கூடவே இருந்தாள். அவன் தேறிவிட்டான். இதை நான் முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அடுத்துச் சொல்வது என்னைப் பற்றி, அது அவ்வளவு நல்ல குணமில்லை.

இங்கே அப்பா டியூட்டிக்குப் போய்விட்டால் நான் மட்டும்தான். சில வாரம் கழித்து ஒரு கார்டு வந்தது, சிரிப்பு ஃபைலோடு. "ஒண்ணு, ரெண்டு, மூணு, போடு." அண்ணன் பழையபடி தொடையைத் தட்டினான். பின்னால் அம்மா, "இதுல என்னடா இருக்கு" என்றாள். அப்புறம் அவளும் சிரித்தாள், விக்கல் வருகிற அளவுக்கு. எங்கள் வீட்டில் அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், பொறாமையாக இருந்தது. அங்கே இரண்டு பேர். பதிலுக்கு என் சிரிப்பையும் பதிந்தேன், வராத சிரிப்பை வரவழைத்து, சரியான இடங்களிலெல்லாம். இருமலை வைத்துப் பிள்ளையைக் கண்டுபிடித்த அம்மா, "நல்லா சிரிச்சிருக்கடி" என்று போனில் சொன்னாள்.

அம்மா இப்போது இல்லை. நான் இதே தீவில், புரோத்ராபூரில் குடியிருக்கிறேன், அண்ணன் பெங்களூரில். கடலுக்கடியில் கேபிள் வந்துவிட்டது. காட்சி விரல் பட்டதும் வருகிறது, யார் சட்டைப் பையிலும் எதுவும் கொடுத்து விடுவதில்லை. அந்த விசித்திர சங்கீதத்தை அவன் எப்போதோ விட்டுவிட்டான். நான் காமெடி அனுப்பினால், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று பதிலுக்கு வரும், எப்போதும் ஒரே மாதிரி. அதற்குப் பின்னால் விசிறி சுற்றுகிறதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

போன வாரம் அப்படியொரு முகம் வந்ததும் பொறுக்காமல் கூப்பிட்டுவிட்டேன்.

"அண்ணா, ஒரு தடவை சிரிச்சுக் காட்டு."

"இப்பவா? மீட்டிங்ல இருக்கேன்டி. ஏன், என்னாச்சு?"

ஒன்றுமில்லை என்று சொல்லிச் சிரித்தேன். அவன் நம்பிவிட்டான்.