சம்பந்திச் சண்டையும் ஒரு வண்டி இடமும்

கிளட்ச் அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது. ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். கற்றுக்கொண்டவர் காதில் எல்லாம் "கிளட்ச்! கிளட்ச மிதிங்கன்னா!" என்ற குரல் ஆயுசுக்கும் ஒலித்துக்கொண்டிருக்கும். அதனால் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பள்ளி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கூரைமேல் 'எல்' பலகை வைத்த ஒரு பழைய கார், அதில் ஓட்டுபவருக்கு ஒரு பிரேக், அக்காவுக்கு ஒரு பிரேக். கணவர் போன பிறகு மகளை வளர்த்து ஆளாக்கியது அந்த இரண்டாவது பிரேக்தான்.

அக்கா குடியிருக்கும் தெருவில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று பெருமூச்சு விட்டுக்கொண்டு பின்வாங்க வேண்டும். எந்த வீட்டுக்குள்ளும் வண்டி விட இடம் கிடையாது. ஒரு ஓரமாக மட்டும் வரிசையாக நிறுத்திக்கொள்ளலாம். அதற்குத்தான் அத்தனை அடிதடியும். இடம் பிடிக்க ஆளுக்கொரு சாமான் வைத்திருந்தார்கள். பல் டாக்டர் வீட்டில் விரிசல் விட்ட பூந்தொட்டி. தையல்காரர் வீட்டில் ஒரு கை உடைந்த துணிக்கடை பொம்மை. மாடி வீட்டுக்காரர் தன் மாமனாரையே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார். மாமனாருக்கும் வேறு வேலை இல்லை.

வரிசையின் முனையில் இருந்த இடத்தில் காலம் காலமாக அக்காவின் வண்டிதான் நிற்கும். அதற்கு நேர் எதிர்வீட்டில்தான் மகளைக் கொடுத்திருந்தார். கொடுத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அந்தப் பையனும் இவளும் தாங்களே பார்த்துப் பேசி முடித்துவிட்டு வந்து நின்றார்கள். அக்காவுக்கு அதில் வருத்தமே இல்லை. மகள் தெருவைத் தாண்டினால் வந்துவிடுவாள், வேறென்ன வேண்டும்? வந்தாள். தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் நேராக அம்மா வீட்டுப் பின்பக்கச் சமையலறைக்கு வந்து, பையை மேடைமேல் போட்டு, நின்றுகொண்டே டீ குடித்து, அன்றைய ஆபீஸ் வம்பையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் புகுந்த வீட்டுக்குப் போவாள். அந்த நேரத்துக்கு அக்கா யாருக்கும் வகுப்பு வைத்துக்கொள்வதில்லை. பெரிய ஆள் ஒருவர் கூடுதல் காசு தருகிறேன் என்று கேட்டும் முடியாது என்றுவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் சம்பந்தி கார் வாங்கினார். மகளின் மாமனார், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். தங்கமான மனுஷர், அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் வண்டி ஓட்ட வேறு பள்ளிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார். சம்பந்தியிடம் திட்டு வாங்க முடியுமா என்று அவர் யோசித்தது நியாயம்தான். அக்கா திட்டாமல் சொல்லிக்கொடுத்ததாகச் சரித்திரம் கிடையாது. இருந்தாலும் அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக் ஆறுவதற்குள் மனுஷர் வந்து முனை இடத்தில் வண்டியை விட்டுவிட்டார்.

மற்றவர்கள் என்றால் அக்கா தெருவையே கூட்டியிருப்பார். சம்பந்தியிடம் அது நடக்குமா? மறுநாள் வகுப்புக்குக் கிளம்பும்போது, சம்பந்தி கடைக்குப் போய்க் காலியாகக் கிடந்த அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தால் நாற்காலி துடைத்துச் சுத்தமாக இவர் வீட்டு வாசலில் இருந்தது. இடத்தில் சம்பந்தியின் கார்.

"நாற்காலி வெயில்ல காஞ்சுக்கிட்டு இருந்துச்சு சம்பந்தியம்மா. வெளுத்துடப் போகுதேன்னு எடுத்து வச்சேன்."

"உங்களுக்கு எதுக்கு சம்பந்தி சிரமம்? சொல்லியிருந்தா நானே எடுத்திருப்பேனே."

இரண்டு பேருக்கும் முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே போய் அக்கா பாத்திரங்களைப் போட்ட போடு எதிர்வீடு வரை கேட்டது.

நாற்காலி இப்படியே போய் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் மகள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தாள்.

"அம்மா, அந்த இடத்த மாமாவுக்கு விட்டுக் குடுத்துடேன். எங்க வண்டிக்கு அதுதாம்மா சரி. உங்க வண்டிய நீ எந்தச் சந்துலயும் சொருகிடுவ."

அக்கா டீ வடிகட்டியை நங்கென்று மேடைமேல் வைத்தார். 'உங்க வண்டி'யாம். அதன் பின்சீட்டில் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதியவள், அதே வண்டியில் ஓட்டக் கற்றுக்கொண்டவள் சொல்கிறாள். எங்க, நம்ம, இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள் ஒரு பெண்ணைப் பெற்று எதிர்வீட்டில் கொடுத்துப் பார்க்க வேண்டும். 'நம்ம வண்டி' என்றால் கேட்கிற அம்மாவும் அதில் உட்கார்ந்திருக்கிறாள். 'எங்க வண்டி' என்றால் அவளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியாயிற்று.

மறுநாளிலிருந்து அக்கா வீம்பு பிடித்தார். மதிய வகுப்பை ரத்து செய்துவிட்டு வெயில் தாழ்வதற்குள் வந்து முனை இடத்தில் வண்டியைப் போட்டுப் பூட்டினார். மகள் சாயங்காலம் வருவதும் அன்றோடு நின்றது. கேட்டால் ஆபீஸில் வேலை என்று போனில் சொன்னாள். அக்காவுக்கா புரியாது? 'அந்த வீட்டுக்காரியாகிவிட்டாள், இருக்கட்டும்' என்று ரோஷமாகச் சொல்லிக்கொண்டார். ஆனால் அந்த நேரம் வந்ததும் பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்திருப்பார். இடம் கிடைத்துவிட்டது, பெண் போய்விட்டாள்.

அப்புறம் ஒரு சாயங்காலம், காயப்போட்ட துணியை எடுக்க அக்கா மொட்டைமாடிக்குப் போனார். கீழே சம்பந்தியின் கார் மெதுவாக வந்தது, போயிற்று. தெருவைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது, போயிற்று. தையல்காரர் வீட்டு முன்னால் இரண்டு வண்டிகளுக்கு நடுவே லாரியே நிற்கிற அளவுக்கு இடம் கிடந்தது. மூன்றாம் தடவை வந்தபோது கார் அங்கே நின்று, பின்னால் போய், குறுக்கே திரும்பி, துணிக்கடை பொம்மையைச் சாய்த்துவிட்டு, தெருவை அடைத்துக்கொண்டு அணைந்துபோயிற்று. பின்னால் வந்தவர்கள் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. மாடி வீட்டு மாமனார் முதல் தடவையாக நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்தார்.

நல்லா வேணும் என்று அக்காவுக்கு ஒரு நிமிடம் இனிக்கத்தான் செய்தது. பிறகு ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்தார். அது சம்பந்தி முகமே இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டிருக்கும் மாணவன் முகம். அப்படி எத்தனை முகம் பார்த்திருக்கிறார்! துணியைப் போட்டது போட்டபடி இறங்கி ஓடினார்.

காரின் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். கால் தன்னால் பிரேக்கைத் தேடி வெறும் தரையை மிதித்தது.

"ஒண்ணும் ஆகல சம்பந்தி. வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க. இப்பக் கண்ணாடியப் பாருங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, சட்டை நுனியால் துடைத்தார்.

"சுத்தமாத்தான் இருக்கு சம்பந்தியம்மா."

"ஐயோ! வண்டிக் கண்ணாடிய!"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் குரல் இறங்கியது.

"எனக்கு ரிவர்ஸ் வராது. அந்த ஸ்கூல்ல முன்னால போகத்தான் சொல்லிக் குடுத்தாங்க. முனை இடம்னா நேரா மூக்க விட்டுடலாம், அதான் அதுக்கு அப்படி அலைஞ்சேன்."

"அப்ப, நான் அங்க நிறுத்தின நாளெல்லாம் என்ன செஞ்சீங்க?"

"மருமகதான். ஆபீஸ் விட்டதும் பக்கத்துத் தெருவுல வந்து நிப்பா, நான் கடைய மூடிட்டு வர்ற வரைக்கும். அவதான் வண்டிய வாங்கி ஓட்டிட்டு வந்து சொருகித் தருவா. இன்னிக்கு ஆபீஸ்ல மாட்டிக்கிட்டா." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "என் பையனுக்குக்கூடத் தெரியாது. உங்ககிட்ட மூச்சு விடமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கா. எனக்குத் தலைகுனிவாயிடுமாம்."

அக்காவுக்கு இப்போதுதான் கணக்கு விளங்கியது. மகளைத் தெருவில் காக்க வைத்ததே தன் வீம்புதான். அவள் பக்கத்துத் தெருவில் கால் கடுக்க நின்ற நேரத்தில்தான் இவர் சமையலறையில் உட்கார்ந்து அவளைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஆனால் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததால் அழ நேரமில்லை.

"கிளட்ச மிதிங்க," என்றார்.

அடுத்த நாளிலிருந்து சம்பந்தி கடை திறக்கும் முன்பே, கடைக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் ரகசிய வகுப்பு நடந்தது. சம்பந்தி என்பதால் அக்கா எல்லாத் திட்டையும் 'ங்க' போட்டே திட்டினார். "தூங்குறீங்களா? கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு? திருப்பித் தொலைங்க!" அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஒருநாள் தெருவில் அவரே இரண்டு வண்டிக்கு நடுவில் அழகாகச் சொருகிவிட்டு இறங்கினார். எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று மருமகள் கேட்டதற்குத் தானாகவே வந்துவிட்டது என்றாராம்.

அன்று சாயங்காலமே மகள் பின்பக்கச் சமையலறையில் வந்து நின்றாள்.

"மாமாவுக்கு இனிமே எந்த இடமானாலும் சரியாம்மா. முனை இடத்த நீயே வச்சுக்கோ."

எல்லாம் எனக்குத் தெரியுமடி என்று சொல்லிக் கட்டிக்கொள்ள அக்காவுக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு கேட்டார்.

"அப்ப எதுக்குடி அன்னிக்கு அதுதான் வேணும்னு என்கிட்ட மல்லுக்கு நின்ன?"

மகள் கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை.

"அங்கதானம்மா நிழலு. மாமாவுக்குச் சூடு ஆகாது."

சின்ன வயதில் இவள் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். இப்போது சிவக்கவில்லை. பெற்ற தாயிடம்கூட மாமனாரை விட்டுக்கொடுக்கமாட்டாள். மகள் நிஜமாகவே அந்த வீட்டுக்காரியாகிவிட்டாள் என்பது அக்காவுக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. வலித்தது. பெருமையாகவும் இருந்தது. இவ்வளவு நல்ல பெண்ணையா வளர்த்தோம் என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

"ஆமாமா, பாவம், அவருக்குச் சூடு ஆகாதுதான்," என்றார் அக்கா. "எனக்கும் தெரியும்."