மருந்து என்று மட்டும் சொல்லக் கூடாது

கோவில்பட்டியில் மருந்து என்றால் காய்ச்சலுக்குக் கொடுப்பது இரண்டாம் பொருள்தான். முதல் பொருள், தீக்குச்சியின் தலையில் இருப்பது, உரசினால் பற்றுவது. வெளியூர்க்காரர் யாராவது பஸ் ஸ்டாண்டில் இறங்கி மருந்து எங்கே கிடைக்கும் என்று கேட்டால், ஆள் நோயாளியா வியாபாரியா என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்துகொண்ட பிறகே வழி சொல்வோம். இந்த ஒரு சொல்லால் என் தங்கை வீட்டுக்காரரின் பிழைப்பு ஒரு பகல் முழுக்க ஊசலாடியது.

எந்த ஆண்டு என்பதில் எனக்கும் மாப்பிள்ளைக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை. இரண்டாயிரம் பிறந்த பிறகு என்பது இருதரப்புக்கும் சம்மதம். மாதம் பங்குனி. அதற்கு என்னிடம் சான்று உண்டு: அந்த நாளுக்கு முந்தின வாரம் அவருடைய ஆட்களில் பாதிப்பேர் கழுகுமலைப் பங்குனித் தேர் பார்க்கப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை மாசி என்பார். கல்யாண நாளையே மாசி என்று சொல்லித் தங்கையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

வீடுகளுக்கு வயரிங் செய்துகொண்டிருந்த மாப்பிள்ளைக்குத் திடீரென்று ஓர் அணுமின் நிலையத்தில் வேலை வந்தது. பெரிய ஒப்பந்தக்காரர் ஒருவருக்குக் கீழே ஒருவர், அவருக்குக் கீழே இவர்.

"அணுவப் பத்தி நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க மச்சான். நமக்கு வயர்தான் கணக்கு" என்று எனக்கு விளக்கினார். "ஒரு ரூம்ல கேபிள் எரிஞ்சா, சுவத்துல கேபிள் போற ஓட்ட வழியா தீ அடுத்த ரூமுக்குப் போயிரும். அங்கனதான் மாத்து கேபிள் இருக்கும். ரெண்டும் போச்சுன்னா பம்பு ஓடாது. பம்பு ஓடலன்னா உலை ஆறாது. அந்த ஓட்டய அடைக்கதுதான் நம்ம சோலி."

அடைப்பதற்கு ஒரு பசை உண்டு. சூடு பட்டால் பொங்கி உப்பி, இடைவெளியை மூடிக்கொள்ளும். ஆனால் நிலையத்துக்குள் காலடி வைக்கும் முன் ஆட்கள் தேர்வில் தேற வேண்டும். ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த ஒரு தீப்பெட்டி ஆபீஸை (எங்கள் ஊரில் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர்) மாப்பிள்ளை வாடகைக்குப் பிடித்து, நடுவில் ஒரு பொய்ச் சுவர் கட்டி, கேபிள்களைச் செருகி ஆட்களைப் பழக்கினார். மின்தீப் பாதுகாப்பை ஆய்வு செய்யும் அதிகாரி நேரில் வருவார். சுவரைப் பார்ப்பதோடு விடமாட்டார். ஆட்களையும் கேள்வி கேட்பார். சுவர் பாஸாகி ஆள் பெயிலானாலும் பெயில்தான். வயரிங் வேலை எல்லாவற்றையும் மாப்பிள்ளை அதற்குள் தம் போட்டிக்காரருக்கே விட்டுக்கொடுத்திருந்தார். இதில் தோற்றால் அவரிடமே போய்ச் சுவிட்சு மாட்டிக்கொடுக்க வேண்டும்.

டுட்டோரியலில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்த என்னிடம் செய்முறைக் குறிப்புகளைத் தமிழாக்கும் பொறுப்பு வந்தது. பசைக்கு நான் இரண்டு நாள் யோசித்து, 'தழல்தடைப் பசை' என்று பெயர் சூட்டினேன். ஆட்களுக்குத் தலைவி ஓர் அக்கா. அதே ஆபீஸில் பல வருஷம் குச்சி அடுக்கியவர். விரல் வேகத்துக்காக மாப்பிள்ளை தேடிப்பிடித்தவர். நான் சூட்டிய பெயரைக் கேட்டதும் அவர் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா இதச் சொல்லி முடிக்கதுக்குள்ள தீ அடுத்த ரூமுக்குப் போயிருமே."

அவர்கள் வைத்த பெயர் மருந்து. "ஏலே, அந்த ஓட்டையில இன்னும் கொஞ்சம் மருந்த அமுக்கு" என்பதுதான் அன்றாடப் பேச்சு. அதன் ஆபத்து ஒத்திகையில்தான் தெரிந்தது. அதிகாரியாக நான் நடித்தேன்.

"சுவத்துல என்ன வச்சிருக்கீங்க?"

"மருந்து" என்றார் அக்கா.

"தீ பட்டா என்ன ஆகும்?"

"மருந்து வேலைய காட்டிரும்."

மாப்பிள்ளை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அணு உலைச் சுவத்துல மருந்து வச்சிருக்கோம், தீ பட்டா வேலையக் காட்டும்னு சொன்னா, நம்மள வேன்ல ஏத்தி நேரா ஸ்டேஷன்ல எறக்கிருவான்! அதிகாரிகூட மொழிபெயர்க்க வாறவரு சாத்தூர்க்காரராம், அதுவும் தீப்பெட்டி ஊருதான். அவருக்கு மருந்துன்னா என்னன்னு நாம சொல்லவா வேணும்?"

அன்றிலிருந்து மருந்து தடைசெய்யப்பட்டது. யாராவது வாய்தவறினால் மற்றவர்கள் கோரஸாக "ஏலேய்!" என்று கத்த வேண்டும் என்பது ஏற்பாடு. ஆய்வுக்கு முந்தின மாலை நிலவரம் இதுதான்: மருந்து என்று எவரும் சொல்லவில்லை, தழல்தடைப் பசை என்றும் எவரும் சொல்லவில்லை. "அத எடு", "இத அமுக்கு" என்று சுட்டுச்சொற்களாலேயே காலம் தள்ளினார்கள்.

ஆய்வு நாளன்று மாப்பிள்ளை இன்னொரு காரியமும் செய்தார். ஆட்கள் மடியிலும் பையிலும் வைத்திருந்த தீப்பெட்டிகளை எல்லாம் பிடுங்கி ஒரு சாக்கில் போட்டுத் தம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வாசலில் 'தீப்பெட்டி, பீடி, சிகரெட்டுக்கு அனுமதி இல்லை' என்று போர்டு வைத்தார். தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் அப்படி ஒரு போர்டு எங்கள் வட்டாரத்தில் அதுவே முதல் என்பது என் துணிபு.

அதிகாரி வடக்கத்தியர், தமிழ் தெரியாதவர். ஜீப்பை விட்டு இறங்கித் தகரக்கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆபீஸ் எங்கே?" என்று கேட்டார். "இதாம் சார் ஆபீசு" என்று மாப்பிள்ளை அடக்கமாகச் சொன்னார். அவர் சுவரைத் தட்டினார், தடவினார், டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு நேராக அக்காவின் பக்கம் திரும்பிப் பசையைக் காட்டிக் கேட்டார்.

"இது என்னன்னு சார் கேக்காரு" என்றார் சாத்தூர்க்காரர்.

அக்காவின் வாய் திறந்தது. 'ம' என்ற ஓசை வெளியே வந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் "ஏலேய்!" என்று கத்தத் தயாரானார்கள். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். வந்த 'ம'வைத் திரும்ப விழுங்க வழியில்லாமல் அக்கா அதைத் திருப்பிவிட்டார்:

"மா... மாத்திரை சார்."

சாத்தூர்க்காரர் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மாத்திரையா? தீப்பிடித்தால் என்ன ஆகும்?"

"வீங்கும் சார். வீங்கி ஓட்டய அடைச்சுக்கிடும். தீ அந்தப் பக்கம் போவாது, புகையும் போவாது. அந்தப் பக்கம் மாத்து கேபிளு இருக்குல்லா?"

பதில் முழுக்கச் சரி. அதிகாரி மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டார். தலைவி காட்டிய வழியில் அத்தனை பேரும் "மாத்திரை, சார்" என்றார்கள். கடைசி ஆள் தம் பங்குக்கு, "வெறுங்கை படாம போடணும் சார்" என்று சேர்த்துக்கொண்டார்.

"எரித்துக் காட்டுங்கள்" என்றார் அதிகாரி.

கேஸ் பர்னர் தயாராக இருந்தது. மாப்பிள்ளை சட்டைப்பையைத் தட்டினார். நான் தட்டினேன். எல்லோரும் தட்டினார்கள். நாடெங்கும் அடுப்புப் பற்றவைக்கிற ஊரில், அதுவும் ஒரு தீப்பெட்டி ஆபீஸின் உள்ளே, ஒரு குச்சி இல்லை. சாக்கு மாப்பிள்ளை வீட்டில் இருந்தது. சைக்கிளில் போய்வர அரைமணி ஆகும்.

அப்போது அதிகாரி மிக மெதுவாகத் தம் பேண்ட் பையில் கைவிட்டார். பாதி தீர்ந்த ஒரு தீப்பெட்டி வெளியே வந்தது. அக்கா அதை வாங்கித் திருப்பிப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"நம்மூருப் பெட்டி! ஏன் சார், வாசல்ல போர்டு வச்சிருக்கே, பாக்கலையா?"

என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். சாத்தூர்க்காரர் ஒரு நொடி கூரையைப் பார்த்துவிட்டு, உங்கள் தீப்பெட்டி தரமானது என்று சொல்வதாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். போர்டு மூன்று மொழியில் இருந்ததால் அதிகாரிக்கு உண்மை தெரிந்திருக்கும். காது சிவந்திருந்தது.

தீ வைத்ததும் பசை பணியாரம்போல் பொங்கி ஓட்டையை மூடிக்கொண்டது. நெடுநேரம் சுட்ட பிறகும் மறுபக்கத்தில் புகை எட்டிப் பார்க்கவில்லை. அதிகாரி தலையசைத்தார். ஆட்கள் எல்லோரும் தேறினார்கள். மாப்பிள்ளை சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சூட்டில் கையை உதறினார்.

ஒரே ஒரு நிபந்தனை. காகிதத்தில் தழல்தடைப் பசை என்று இருந்தது, வாயில் மாத்திரை என்று வந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் பாதுகாப்புக்கு ஆகாது என்றார் அதிகாரி. அவசரத்தில் எது வாயில் வருகிறதோ அதுவே பெயராக இருக்கட்டும். என் தழல்தடைப் பசையை என் பேனாவை வாங்கியே அடித்துவிட்டு, மாத்திரை என்று எழுதவைத்தார். மாத்திரை என்றால் இலக்கணத்தில் கண்ணிமைக்கும் நேரம், மணிக்கணக்கில் தீயைத் தாங்கும் பொருளுக்கு அது பொருந்தாது என்று சொல்ல வாயெடுத்தேன். மாப்பிள்ளை என் காலை மிதித்தார்.

அடுத்த திங்கட்கிழமை அவர்கள் வேலைக்குக் கிளம்பியபோது வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். டப்பாக்களை ஏற்றிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, "யக்கா, மாத்திரைய மறக்காம எடுத்துக்கிட்டியா?" என்று உரக்கக் கேட்டார்.

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு."

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் அக்காவை இரக்கத்தோடு பார்த்தார். "என்னத்தா, சுகருக்கா?"

"இல்லய்யா," என்றார் அக்கா, "சுவருக்கு."