இரத்தம் பார்த்தால் மயங்கும் அட்டை

அட்டை நானாவுக்குக் கண் கிடையாது. மண்ணிறத்தில் ஒரு பழைய சொக்ஸ், உள்ளே ஒரு கை, நுனியில் கறுப்புத் துணி வைத்துத் தைத்த வாய். அவ்வளவுதான் உடம்பு. மழை பெய்தால் எங்கள் பக்கத்துப் புல்லில் நின்று கால் விரல் இடுக்கைத் தேடி வருகிற அதே அட்டைதான். ஆனால் இந்த அட்டைக்கு இரத்தம் என்றால் பயம். சிவப்பு என்று யாராவது சொன்னாலே மயங்கி விழுந்துவிடும். பால் கலக்காத பிளேன்டீ மட்டும் குடிக்கும், அதுவும் சீனி தூக்கலாக.

கண் இல்லாததால் எதைத் தொட்டாலும் பக்கத்தில் இருப்பவரிடம் விசாரிக்க வேண்டும். ஒரு வீடியோவில் அது மரக்கறிக் கடையில் ஒரு தக்காளி மீது தெரியாமல் ஏறிவிடுகிறது. "மெதுவா ஈக்கி, இது எனத்த? என்ன கலரு?" என்று கேட்கிறது. கடைக்காரர் இரக்கமே இல்லாமல் "செக்கச்செவேல்னு இருக்கு" என்கிறார். அட்டை உடனே விழாது. ஒரு கணம் அசையாமல் நிற்கும். வாய் மெல்ல மூடும். "அப்படியா" என்று மிக மரியாதையாகச் சொல்லும். அதன் பிறகுதான் விழும். அந்த "அப்படியா"வுக்காகவே நான் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இதைச் செய்பவர் கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவில் போன் திருத்தி, கவரும் சார்ஜரும் விற்கிற ஒரு முஸ்லிம் மனிதர். பெரும்பாலும் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் மேசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, கையை மட்டும் மேலே நீட்டித் தன் போனிலேயே எடுத்துப் போடுவார். அவருடைய முகத்தை எந்த வீடியோவிலும் காண முடியாது. அட்டை பேசுவதும் அவருடைய ஊர்ப் பேச்சுத்தான்: அண்ணன் என்றால் நானா, இருக்கிறது என்றால் ஈக்கி, சொல்லு என்றால் செல்லு.

முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. நான் கண்டி நகரத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கிறவன். ஏழு வயது மகள் தாயின் போனில் இதைப் பார்த்து உருண்டு சிரித்தபோது, இதில் என்ன படிப்பினை இருக்கிறது என்றுதான் தேடினேன். ஒன்றுமே இல்லை. பல் துலக்கச் சொல்வதில்லை, பெரியவர்களை மதிக்கச் சொல்வதில்லை. பயந்த ஓர் அட்டை தன் பயத்தோடு நாளைக் கழிக்கிறது, அவ்வளவுதான். சில வாரங்களில் மகளைவிட நான்தான் புது வீடியோவுக்குக் காத்திருந்தேன்.

இந்த மழைக்காலத்தில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். காய்ச்சல் விட்டபோது நானும் மனைவியும் நிம்மதியாக மூச்சு விட்டோம். டாக்டர் எங்கள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்: "இனித்தான் கவனம். காய்ச்சல் விட்டாப் பிறகுதான் டேஞ்சர்." உடம்புக்குள் நீர் கசிகிறதா என்று அறிய, திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அதைப் பார்த்துத்தான் சேலைன் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுப்பார்களாம். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

முதல் சில தடவை அழுதுகொண்டே கையைக் கொடுத்தாள். ஒரு தடவை சேலைன் ஊசி கழன்று படுக்கை விரிப்பில் இரத்தம் பரவியது. அதைப் பார்த்தாள். அதன் பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

தகப்பன்மாருக்குப் பார்வை நேரத்தில் மட்டுந்தான் உள்ளே இடம். நான் வார்ட்டுக்கு வெளியே நின்றேன். மனைவி கதவோரம் வந்து சொன்னாள்.

"கைய குடுக்க மாட்டேங்கிறா. செவப்பப் பாத்தா மயங்கிருவேன்னு சொல்றா. அட்ட நானாவே மயங்கும்போது நான் எம்மாத்திரம்னு கேக்குறா."

"வீடியோ ஏதாவது காட்டிப் பாரேன்."

"காட்டாமலா? எதக் காட்டினாலும் அது விழுதே! பாத்தீங்களாம்மான்னு என்னையே கேக்குறா."

டாக்டரும் வெளியே வந்தார். சிங்களவர், யோசித்து யோசித்துத் தமிழ் பேசினார். "பிடிச்சி எடுக்க ஏலும். காலையில அப்படித்தான் எடுத்தோம். கையப் பார்த்தீங்கதானே? உள்ளுக்கு ப்ளட் கட்டியிருக்கு. இப்ப பிள்ளை துள்ளினா இன்னும் கூடும். ஆனா எடுக்காம இருக்க ஏலாது. லேட் பண்ணவும் ஏலாது. அம்மா பேசிப் பார்க்கட்டும், கொஞ்ச நேரம் தாறேன்."

பார்வை நேரத்தில் அந்தக் கையைப் பார்த்திருந்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நாவற்பழ நிறம்.

கெலிஓயா அங்கிருந்து அதிக தூரமில்லை. த்ரீவீல் ஆட்டோவில் போகும்போதே அட்டை என்ன பேச வேண்டும் என்று வசனம் வசனமாக மனதில் எழுதி முடித்துவிட்டேன். பாடசாலையில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நாடகம் எழுதிக் கொடுக்கிறவன் நான். எனக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை.

கடையில் என் வயதுடைய ஒருவர் ஒரு சார்ஜரைக் காதருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்கொ" என்ற குரலிலேயே அவர்தான் என்று தெரிந்துவிட்டது. நான் சொல்லிய விதம் அவருக்கு எப்படி விளங்கியதோ தெரியாது, மகள், டெங்கு, அட்டை எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. அவர் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டார். வெளியே ஒருவர் குனிந்து பார்த்து, "நானா, என்ட போன் சரியா?" என்றார்.

"பொறகு வாங்கொ."

"காலையிலயும் அதத்தானே செல்லினீங்க!"

"அப்ப இன்னொருக்கா செல்லுறேன். பொறகு வாங்கொ."

நான் வசனத்தைச் சொன்னேன். "எனக்கு இப்ப பயமில்ல, ஊசி வலிக்கவே வலிக்காது, நீயும் கையக் குடுன்னு அட்டை சொல்லணும். அது சொன்னா புள்ள கேக்கும்."

அவர் தலையைச் சொறிந்தார். "அது அப்படிச் செல்லாது சேர்."

"நீங்கதானே சொல்ல வைக்கிறீங்க?"

"நான்தான். வலிக்காதுன்னு செல்லி, வலிச்சா? அடுத்த ஊசிக்கி புள்ள யார நம்பும்? பயமில்லன்னு செல்லிச்சோ, அந்த எடத்துலயே விளங்கிரும், இது அட்ட நானா இல்ல, வாப்பா செட் பண்ணின ஆளுன்னு."

"நானா, என் புள்ள அங்க கெடக்குது. உங்க கதைய அப்புறம் காப்பாத்துங்க."

கத்திவிட்டேன் என்பது என் குரல் கடைக்குள் மோதித் திரும்பியபோதுதான் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. கடையின் பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் சொக்ஸ் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கழுவிப் போட்டீந்த" என்றார். பிழிந்து, ஈரத்தோடு கையில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "எடுங்க வீடியோ கோல. போன நீங்க பிடிங்க. ஒன்டும் பேசாதீங்க."

மனைவிக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். திரையில் முதலில் அவள் உள்ளங்கை, பிறகு மின்விசிறி, பிறகு மகளின் முகம். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

அட்டை அசையவில்லை. வணக்கம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. பேசுங்கள் என்று உலுக்கலாம் போல இருந்தது. பிறகு அது ஒரு தரம் தும்மியது.

"குளிருது. என்னயக் கழுவிட்டாங்க. சோப்புப் போட்டு."

மகளின் கண் திரும்பியது. "அட்ட நானா?"

"யாரு பேசுற? எனக்கி கண்ணில்ல."

"நான்தான். ஆஸ்பத்திரில இருக்கேன்."

"ஆஸ்பத்திரியா!" சொக்ஸ் பாதியாகச் சுருங்கியது. "அங்க அது ஈக்குமே. அந்தக் கலரு."

"ஊசி போட வாறாங்க."

"எனக்கிட்டச் செல்லாத. நான் போறேன்." அட்டை மேசைக்குக் கீழே மறைந்தது.

இருந்த ஒரே வழியையும் இந்த மனிதன் கெடுத்துவிட்டான் என்று நினைத்தேன். அதற்குள் மகள் கூப்பிட்டாள்.

"போகாத, அட்ட நானா! போகாத!"

மேசை விளிம்பில் வாய் மட்டும் வந்தது. "அப்ப ஒன்டு செய்யி. எனக்காக நீ பாரு. அந்தக் கலரு வந்தா செல்லு, நான் பாத்து மெதுவா விழுந்துக்கிறேன். போன தடவ செல்லாமக் கொள்ளாம விழுந்து மண்ட ஒடஞ்சிது."

மகளின் தோள் அசைந்தது. தொடைக்கு அடியிலிருந்து கை வெளியே வருகிறது என்று எனக்கு விளங்கியது. தாதியின் வெள்ளைச் சீருடை திரையின் ஓரத்தில் வந்து நின்றது. நான் மகளின் கண்களை மட்டும் பார்த்தேன். அவை கீழே, தன் கையை நோக்கிப் போயின.

"வந்திச்சா?" என்றது அட்டை.

"இன்னும் இல்ல." முகம் சுருங்கியது. "ஆ!"

"எனத்த? எனத்த?"

"வலிக்குது."

இந்த இடத்தில் நான் எழுதிவைத்த வசனம் ஒன்று இருந்தது. அட்டை அதைச் சொல்லவில்லை. ஆறுதலே சொல்லவில்லை. "எனக்கும் பயமா ஈக்கி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவளோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு, "சரி, செல்லு. என்ன கலரு? நான் விழ ரெடி."

மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இமைக்கவில்லை.

"செவப்பு இல்ல, அட்ட நானா" என்றாள். "பிளேன்டீ கலரு."

சொக்ஸ் அப்படியே நின்றுவிட்டது. நான் மேசைக்குப் பின்னால் பார்த்தேன். அந்த மனிதரின் வாய் திறந்திருந்தது. இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. பயந்த அட்டை விழுந்துவிடக் கூடாது என்று பிள்ளை பொய் சொல்லியிருந்தாள்.

"சீனி போட்டீக்கா?" என்று ஒருவாறு கேட்டது அட்டை.

"நெறைய" என்றாள் மகள்.

அந்தச் சோதனையின் பிறகு சேலைனின் அளவை மாற்றினார்கள். ஆபத்தான கட்டம் அதோடு முடிந்துவிடவில்லை. மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள், மறுபடியும் நாங்கள் முடிவுக்குக் காத்திருந்தோம். ஆனால் அவள் கையை ஒளிக்கவில்லை. தாதி ஊசியை எடுக்கும்போதெல்லாம் தானே குனிந்து பார்த்து "பிளேன்டீ" என்றாளாம். தமிழ் தெரியாத தாதி, பிள்ளைக்குத் தேநீர் வேண்டுமாம் என்று நினைத்து மனைவியிடம் கோபித்தாராம். பிளேட்லட் ஏறத் தொடங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று நான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்குத்தான் இன்னும் சரிவரவில்லை. சாப்பிடும்போதும் பாடசாலை வாசலிலும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். "விடுங்கப்பா, பிள்ளைங்க பாக்குறாங்க" என்று தட்டிவிடுகிறாள்.

அந்த நாட்களில் அட்டை நானாவின் புது வீடியோ எதுவும் வரவில்லை. வாரங்கள் போயின. நன்றி சொல்வதற்காக மூவரும் கெலிஓயாவுக்குப் போனோம். தாயும் மகளும் வெளியே த்ரீவீலில் இருக்க, நான் முதலில் உள்ளே போனேன். என் கையைப் பிடித்தவர் விடவில்லை.

"புள்ள சொகமா? அல்ஹம்துலில்லாஹ்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சேர், அண்டைக்கி நீங்க போன பொறகு நான் சொக்ஸக் கழட்டல்ல. அப்படியே இருந்தேன். புள்ளக்கி எனத்தயும் ஆகியிருந்தா, அது கடைசியாப் பேசினது இதோடதானே. அதுக்குப் பொறகு கைய உள்ள போட்டாப் பேச்சு வருதில்ல."

நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற என் வியாதியைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

அதற்குள் மகள் உள்ளே வந்துவிட்டாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். முகம் தெரியாததால் யாரோ கடைக்காரர் என்றே நினைத்தாள்.

"அட்ட நானா எங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை. அவர் மேசை லாச்சியைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார்.

ஒன்றும் வரவில்லை. வீதியில் கம்பளை பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு போனது. மனைவி வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். மகள் மேசையின் மேல்விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டிப் பார்க்க அவளுக்கு எளிதாக இருந்திருக்கும், பார்க்கவில்லை.

"அட்ட நானா, பயமா இருக்கா?"

கீழேயிருந்து பதில் வந்தது.

"ஈக்கி."

"அப்ப மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு, மகள் மேசைக்கு இந்தப் பக்கம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.