எண்ணெய் குடித்த மண்

கச்சிராயபாளையம் சாலை வளைவில் டேங்கர் லாரி கவிழ்ந்தபோது நான் கூப்பிடு தூரத்தில், தார்க்கலவை போடும் பிளான்ட்டில் இருந்தேன். டிப்ளமோ முடித்துச் சேர்ந்த முதல் வேலை. எல்லோரும் ஓடினோம். டிரைவர் சிராய்ப்போடு தப்பித்து வரப்பில் உட்கார்ந்திருந்தார். ஏதோ ஆலையின் பாய்லருக்குப் போன கெட்டியான கறுப்பு எண்ணெய் பக்கத்து மரவள்ளிக் கொல்லையில் பரவிக்கொண்டிருந்தது.

கொல்லை ஓர் அக்காவுடையது. கணவர் இறந்தபின் தனியாகப் பயிர் வைப்பவர். அவர் முதலில் டிரைவரிடம் போய், "அடி ஜாஸ்தியாப்பா?" என்று கேட்டார். இல்லை என்று தெரிந்த பிறகுதான் தலையில் கைவைத்துக் கத்த ஆரம்பித்தார்.

லாரிக்காரர்கள் எண்ணெய் ஊறிய மண்ணை வெட்டி, கொல்லை ஓரத்தில் தார்ப்பாய் விரித்துக் குவித்து மூடினார்கள். எடுத்துப் போக வருவதாகச் சொன்னவர்கள் வரவே இல்லை. மழை வந்தால் அது கரைந்து கிணற்றில் இறங்குமோ என்று அக்காவுக்குப் பயம். ஒரு நாள் நேராகப் பிளான்ட்டுக்கே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப எடுத்துக்கினு போவப் போறீங்க?"

"அது எங்க எண்ணெய் இல்லக்கா. நாங்க ரோட்டுக்குத் தார் போடறவங்க."

"கறுப்பா ஊத்தறவங்க எல்லாம் ஒரே கூட்டந்தான!"

சிரிப்பு வந்தது. ஆனால் அவர் போன பிறகும் அந்த வார்த்தை மனதில் ஓடியது. அந்த எண்ணெயும் தாரும் பங்காளிகள்தானே? ரோட்டுக் கலவையிலேயே அதைச் சேர்த்துப் பார்த்தால் என்ன என்று மறுநாள் ஒரு கோணியில் அந்த மண்ணை அள்ளி வந்தேன். கான்ட்ராக்டர், "செஞ்சு பாரும்மா, பிளான்ட்ட கொளுத்தாம இருந்தா சரி" என்றார்.

ஜல்லியோடு சேர்த்துச் சூடாக்கினேன். ஒரே புகை, நாற்றம். யார்டு மூலையில் ஒரு பாய் அளவுக்குப் பரப்பி ஆறவிட்டோம். செய்தி கேட்டு வந்த அக்கா அதன்மேல் கால் வைத்தார். கால் வந்தது, செருப்பு வரவில்லை.

"ரோடு போடச் சொன்னா அல்வா கிண்டி வச்சிக்கீறியே!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மானம் போனது. கடைசியில் நானும் சிரித்துவிட்டேன்.

அடுத்த தடவை அடுப்பே மூட்டவில்லை. வேரையும் கட்டியையும் சலித்து எடுத்தேன். மண்ணின் அளவைக் குறைத்தேன். சூடாக்காமல் ஊற்றும் தாரும் கொஞ்சம் சிமெண்டும் சேர்த்து, அச்சில் போட்டு இடித்துக் கட்டிகளாக்கி வைத்தேன். அவை கல்லாக இறுகின. அக்கா தன் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து, ஒரு கட்டியைத் தானே அதில் போட்டு வைத்தார். தினமும் வந்து குனிந்து பார்ப்பார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. எண்ணெய்ப் படலம் ஒரு துளியும் மேலே வரவில்லை.

"நல்லாத்தாம்மா கீது" என்றார், ஏதோ அவர்தான் சான்றிதழ் தருவதுபோல. அப்புறம் ஆய்வகச் சோதனையும் முடிந்து, பேரூராட்சிப் பொறியாளர் ஒப்புக்கொண்டார். அக்காவின் கொல்லையை ஒட்டிப் போகும் வண்டிப்பாதைக்கு ஏற்கெனவே தார் போடுவதாக இருந்தது. அதற்கு அடித்தளமாக அந்தக் கலவையைப் பரப்பி, மேலே வழக்கமான தார் போட்டோம். ரோலர் ஓடிய அன்று அக்கா ஒரு குண்டான் நிறைய மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக் கொண்டுவந்து, எங்கள் ஆட்கள் ஒருவரையும் விடாமல் ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தார்.

குவியல் முழுவதும் தீர்ந்தது. வெட்டிய பள்ளத்தில் ஏரி வண்டல் கொட்டி, அக்கா உளுந்து விதைத்தார். பெருமழை விட்ட காலையில் பயத்தோடு போய்ப் பார்த்தேன். பாதை ஓரத்தில்கூடப் பெயரவில்லை. அக்கா அதன் நடுவில் நின்று, தலையில் புல்கட்டோடு வந்த பக்கத்துக் கொல்லைக்காரியை நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"பாத்து நட. நீ மெதிக்கிறது எங் கொல்லி மண்ணு!"